வினாடி வினாவும் யோர்தான் துறையும்

அவைத்தலைவர் அவர்களே, அருள்தந்தையரே, போதகர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே, வணக்கம்.

நாகர்கோவிலில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் மறைக்கல்விப் பிள்ளைகளும் ஒரே மேடையில் அமர்ந்து விடை சொல்லப்போகும் இந்த மாலையில், கேள்வி கேட்பவர்களின் தரப்பிலிருந்து சில வார்த்தைகள் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். அழைப்பிதழின் ஒரு பக்கத்தில் 'வேதாகம வினாடி வினா' என்றும் மறுபக்கத்தில் 'விவிலிய வினாடி வினா' என்றும் அச்சிட்டிருப்பதைக் கண்டேன். ஒரே புத்தகம்தான்; முன்னது சீர்திருத்தச் சபையார் சொல், பின்னது கத்தோலிக்கர் சொல். யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள். நான் பேச வந்ததும் ஏறத்தாழ அதைப் பற்றித்தான்.

பல ஆண்டுகளுக்கு முன், கடலோர ஊர் ஒன்றில் நடந்த போட்டிக்கு நான் கேள்வித்தாள் தயாரித்தேன். யோனாவை விழுங்கியது எது என்பது ஒரு கேள்வி. அதற்கு விடையாக 'திமிங்கலம்' என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'பெரிய மீன்' என்றாள். தவறு என்று மணியை அடித்துவிட்டு அடுத்த அணியைப் பார்த்தேன். அவள் உட்காரவில்லை. "சார், திமிங்கலம் மீனில்ல. அது குட்டி போட்டுப் பால் குடுக்கும். பைபிள்ல மீனுன்னுதான் போட்டிருக்கு" என்றாள். மேசையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினேன். முதல் அதிகாரத்தின் முடிவில் பெரிய மீன் என்றே இருந்தது. வள்ளத்தில் கடலுக்குப் போகிறவரின் மகளிடம், ஏதோ ஒரு நாள்காட்டிப் படத்தில் பார்த்ததை நான் விவிலியம் என்று சாதித்திருக்கிறேன். மதிப்பெண்ணைத் திருத்தினேன், அன்று எனக்கு வேர்த்ததைத் திருத்த முடியவில்லை.

படத்திலிருந்தும் குடிலிலிருந்தும் நம் நினைவுக்குள் நுழைந்தவை இன்னும் உண்டு. கிறிஸ்துமஸ் குடிலில் ஞானிகள் மூவரை வைத்தே பழகிவிட்டோம். மத்தேயு மூன்று காணிக்கைகளைச் சொல்கிறாரே தவிர, வந்தவர்களை எண்ணவில்லை. தமஸ்குவுக்குப் போகும் வழியில் சவுல் தரையிலே விழுந்தார் என்று எழுதியிருக்கிறது. குதிரையை ஓவியர்கள் கொண்டுவந்தார்கள். பழமொழியாகப் புழங்கும் வசனங்களும் இப்படித்தான். 'பணமே எல்லாத் தீமைக்கும் வேர்' என்று மேடைதோறும் சொல்கிறோம்; தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருப்பது 'பண ஆசை'. வடசேரிச் சந்தையில் கடை வைத்திருக்கும் என் நண்பர், அந்த ஆசை என்ற சொல் ஒன்றால்தான் தாம் நிம்மதியாக வியாபாரம் செய்வதாகச் சொல்வார்.

இவை கேள்வி தயாரிப்பவரின் சோம்பலால் வரும் தவறுகள். புத்தகத்தைத் திறந்தால் தீர்ந்துவிடும். தீராத தவறு வேறு. நியாயாதிபதிகள் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், எப்பிராயீம் குலத்தாரைப் போரில் வென்ற யெப்தாவின் கிலேயாத் மனிதர்கள் யோர்தான் ஆற்றின் துறைகளைப் பிடித்துக்கொண்டு, எதிரியை அடையாளம் காண, தப்பி வருகிற ஒவ்வொருவனிடமும் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீம் நாட்டான் நாவுக்கு 'ஷி' வராமல் 'சிபோலேத்' என்றுதான் வரும். அவ்வாறு சொன்னவர்களைக் கொன்றார்கள். எப்பிராயீமில் மடிந்தவர்கள் 42,000 பேர் என்று எழுதியிருக்கிறது. அதுவும் ஒரு கேள்வி-பதில்தான். சொல்லின் பொருள் தெரியுமா என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

நம் மாவட்டத்தில் ஒரே மனிதருக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. 1806-இல் மயிலாடிக்கு வந்த சீர்திருத்தச் சபை மிஷனரி ரிங்கல்தௌபேயின் வழியில் கிறிஸ்தவத்துக்கு வந்த வீடுகளில் பவுல் என்பார்கள். சவேரியார் நடந்த கடற்கரையில் அவரே சின்னப்பர். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவன் என்று பொருள் என்பதை அறிந்த யாரோதான் சின்னப்பர் என்று வைத்திருக்க வேண்டும். ஸ்தேவான் என்பதற்குக் கிரேக்கத்தில் முடி என்று பொருள். அவர் முடியப்பர் ஆனார். கடவுளின் அருளைச் சொல்லும் யோவான் அருளப்பர் ஆனார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர் திருமுழுக்கில் பெற்ற தேவசகாயம் என்ற பெயரும், பெத்தானியாவில் கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசரின் பெயர்தான்; லாசர் என்றால் கடவுள் உதவினார் என்று பொருள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் சின்னப்பர் பவுலாகிவிட்டார் என்றாலும், பாட்டியிடம் ஜெபம் கற்ற பிள்ளையின் வாயில் சின்னப்பர்தான் முதலில் வரும். அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் மறுக்கும் நடுவர் யோர்தான் துறையில் நிற்கிறார்.

உணவுச் சுற்றில் இச்சிக்கல் இன்னும் ருசியானது. இயேசு சொன்ன உவமையில், சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த கெட்ட குமாரன் எதைத் தின்று வயிற்றை நிரப்ப விரும்பினான்? பழைய மொழிபெயர்ப்பைப் படித்தவர் 'தவிடு' என்பார். புதியதைப் படித்தவர் 'நெற்று' என்பார். லூக்கா எழுதியது, அந்நாட்டில் காய்க்கும் கரோப் மரத்தின் காயை. புளியங்காய் போல் நீண்டு, பழுத்தால் கறுத்து இனிக்கும். அம்மரத்தைக் காணாத தமிழனுக்கு அன்றைய மொழிபெயர்ப்பாளர் நம் தொழுவத்திலிருந்தே தவிட்டை எடுத்துக் கொடுத்தார். பிந்தியவர்கள் காயைக் காயாகவே விட்டார்கள். இரண்டும் சரியான விடைகளே. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னாவின் ருசியையும் அப்படித்தான் 'தேனிட்ட பணியாரம்' என்று நம் அடுக்களைக்குக் கொண்டுவந்தார்கள். இந்த ஊர்க்காரர் ஒருவர் மொழிபெயர்த்திருந்தால் முந்திரிக்கொத்து என்று எழுதியிருப்பாரோ என்னவோ.

எனவே இன்று நடுவர்களுக்குக் கொடுத்திருக்கும் விடைத்தாளில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நம் வீடுகளில் வழங்கும் எல்லா வடிவங்களையும் எழுதியிருக்கிறேன். விடுபட்டிருந்தால் பிள்ளைகள் எழுந்து நின்று சொல்லலாம். இரண்டு மொழிபெயர்ப்புகளும் மேசையில் இருக்கின்றன. முதல் சுற்று உணவுப்பொருள்கள். வனாந்தரத்தில் எகிப்தை நினைத்து அழுத இஸ்ரவேலர் ஆறு பொருள்களைச் சொல்லி ஏங்கினார்கள். வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு என ஐந்தை நானே சொல்லிவிடுகிறேன். இவற்றுக்கெல்லாம் முன்னால், முதலாவதாக அவர்கள் சொன்னது எது? குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.