எல்லாம்னா என்னம்மா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கெடிலம் ஆற்றுக் கொசுவையும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கும் கடலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

"சிந்தனையைக் கூராக்குவது வாசிப்பா, எழுத்தா?" என்பது தலைப்பு. எழுத்தே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா, "கண்டதும் கற்கப் பண்டிதன் ஆவான் என்றுதான் பழமொழி இருக்கிறது, கண்டதும் எழுத என்று இல்லை" என்று ஒரு போடு போட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். சரி, இன்றைக்கு நாம் எங்கே கண்டதையும் கற்கிறோம்? குடும்ப வாட்ஸாப் குழுவில்தான். விடிந்ததும் வந்து விழுகிற செய்திகளில், அனுப்பியவர் தானே எழுதியது எத்தனை? படித்தார், தள்ளிவிட்டார். "இதையே உங்க சொந்த வார்த்தையில ரெண்டு வரி எழுதி அனுப்புங்க சித்தப்பா" என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் செய்தி சித்தப்பாவோடு நின்றுவிடும். எழுத உட்கார்ந்தால்தான், தனக்கு அது புரியவே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

என் அப்பா மஞ்சக்குப்பத்தில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுத்தவர். ஒரு மடக்கு மேசை, கார்பன் தாள், காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கூழாங்கல். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் கூட்டம் தாங்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகோ, எங்களுக்கு எல்லா நாளும் திங்கட்கிழமைதான். முந்திரியும் பலாவும் சாய்ந்துபோனவர்கள் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்தபடியே இருந்தார்கள். லீவு நாட்களில் கார்பன் வைத்துக் கொடுப்பது என் வேலை.

ஒருநாள் ஒரு பெரியம்மா வந்து உட்கார்ந்தார். "எல்லாம் போச்சுப்பா, எழுது" என்றார். அழுதார். அப்பா டீ வாங்கி வரச் சொன்னார். அரை மணி நேரம் அவர் சொன்னதையெல்லாம் கேட்டார். அப்புறம் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "எல்லாம்னா என்னம்மா?"

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு நேரம் என்ன கேட்டே?" என்றார்.

"கேட்டேன்மா. எழுதணும்ல? எத்தனை மரம்? சாஞ்சதா, முறிஞ்சதா?"

பெரியம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கிழக்கே பதினாலு, வேரோடு. வரப்போரம் ஒன்பது. கிணற்றோரம் ஆறு. ஆறு என்று சொன்னவர் நிறுத்திவிட்டார். "அந்த ஆறும் சாயலப்பா. கிளைதான் போச்சு. வெட்டிவிட்டா தழைக்கும்" என்றார். அதை அவர் எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அடுத்து பட்டா யார் பெயரில் என்று அப்பா கேட்டார். மாமனார் பெயரில். மாமனார் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. "அப்ப முதல்ல பட்டாவை இல்ல மாத்தணும்?" என்று கேட்டது அப்பா இல்லை, பெரியம்மாதான்.

மனுவில் 'பொருள்' என்று ஒரு வரி உண்டு, உங்களுக்குத் தெரியும். அப்பா அதற்கு இடம் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதி, கடைசியில்தான் அதை நிரப்புவார். வந்தவருக்கு என்ன வேண்டும் என்பது வந்தவருக்கே அப்போதுதான் தெரியும் என்பார். பெரியம்மா ஒரு மனுவுக்கு வந்து இரண்டு மனுவோடு போனார்.

எதிரணி கேட்கும்: எழுதியது உங்கள் அப்பாதானே, அந்த அம்மா இல்லையே? ஆமாம். கை அப்பாவுடையது. ஆனால் எழுத வேண்டும் என்ற நெருக்கடியில் யோசித்தது பெரியம்மா.

மேற்கு ஆப்பிரிக்காவில், லைபீரியாவில் வாய் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். பெயர் வாய், ஆனால் நான் அவர்களை எழுத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறேன்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்களுக்கென்று எழுத்து உண்டாக்கிக்கொண்டவர்கள். அதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பதில்லை. தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு பெரும்பாலும் கடிதம் எழுதுவார்கள். சில்வியா ஸ்க்ரிப்னர், மைக்கேல் கோல் என்ற இரண்டு உளவியலாளர்கள் அங்கே ஆராய்ந்து 1981இல் புத்தகம் வெளியிட்டார்கள். ஒரு பலகை விளையாட்டை அதைத் தெரியாத ஒருவருக்கு விளக்கச் சொன்னபோது, வாய் எழுத்து தெரிந்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைவிட நிறைவாக விளக்கினார்கள். எதிரில் இல்லாத ஆளுக்குக் கடிதம் எழுதிய பழக்கம். அவர்களிலேயே குர்ஆனை அரபியில் ஓதிப் பழகியவர்கள் வரிசையாக நினைவில் வைப்பதில் கெட்டி. தர்க்கக் கேள்விக்குக் காரணம் சொல்வதில் பள்ளிக்கூடம் போனவர்கள்தான் முந்தினார்கள், அதை நான் மறைக்கவில்லை. எழுத்து தெரிந்துவிட்டால் மூளை எல்லாவற்றிலும் கூராகிவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எதைச் செய்து பழகுகிறோமோ அதில்தான் கூர் ஏறும். எனக்கு அது போதும்.

பக்கத்து ஊருக்கு வருவோம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவிடம் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் கப்பல் வந்ததையும் போனதையும் எழுதுவதாகச் சொல்லி, 1736இல் நாட்குறிப்பைத் தொடங்கினார். 1761இல் சாகும்வரை எழுதினார். நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டைச் சேதியும் அதில் வரும். அந்தக் குறிப்பு வெளியில் தெரியவந்தது 1846இல்தான். இத்தனை வருஷம் யார் படித்து யாருடைய சிந்தனை வளர்ந்தது? எழுதியவருடையது வளர்ந்தது. நாளெல்லாம் அடுத்தவர் பேச்சை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மனிதர், தன் கணிப்பைத் தமிழில் தனக்கே சொல்லிக்கொள்ள ஓர் இடம் வைத்திருந்தார்.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, படிப்பவர்தான் மனத்தில் புள்ளி வைத்துப் படிக்க வேண்டும், அதுவே பெரிய சிந்தனை என்றார் எதிரணியில் ஒரு தம்பி. அழகான வாதம், எனக்கே பொறாமையாக இருந்தது. ஆனால் தம்பி, படிக்கிறவர் புள்ளி வைக்கத் தொடங்கிவிட்டால் அவர் எங்கள் அணிக்கு வந்துவிட்டார்!

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று, நடுவர் அவர்களே. நாங்கள் பேசப் பேச நீங்கள் ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருக்கிறீர்கள். மைக்கைச் சரிசெய்யும்போது எட்டிப் பார்த்துவிட்டேன், மன்னிக்கவும். மூன்றாவது வரியில் ஏதோ எழுதி, அடித்துவிட்டு, பக்கத்திலேயே வேறு எழுதியிருக்கிறீர்கள். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று படிக்கவில்லை. அடித்தது தெரிந்தது. அது போதும் எனக்கு, வணக்கம்.