மூலையில் நிற்பவர்

அவையோர்க்கு வணக்கம்.

படத்தின் முடிவை வெளியே சொல்லக்கூடாது என்பது ரசிகர்களிடையே இன்று எழுதாத சட்டமாகிவிட்டது. ‘மில்லியன் டாலர் பேபி’ என்ற குத்துச்சண்டைப் படத்தைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்தை நான் மீறியே ஆக வேண்டும். அதன் இறுதி அரைமணி நேரத்தை விட்டுவிட்டுப் பேசினால் வேறு ஏதோ ஒரு படத்தைப் பற்றிப் பேசியவனாவேன். படம் வெளியாகி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டதால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

குத்துச்சண்டையில் ஒரு சுற்று முடிந்து மணி அடித்ததும் 1 நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடத்துக்காகவே கயிற்றுக்கு வெளியே இரண்டு மூன்று பேர் காத்திருக்கிறார்கள். மணி அடித்த கணமே ஒருவர் ஸ்டூலை உள்ளே தள்ளுகிறார். ஒருவர் பற்காப்பைக் கழற்றித் தண்ணீர் கொடுக்கிறார். புருவம் கிழிந்திருந்தால் இன்னொருவர் அட்ரினலின் தோய்த்த பஞ்சுக் குச்சியை வெட்டுக்குள்ளேயே வைத்து அழுத்திப் பிடிக்கிறார். அந்த மருந்து இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வதால் கசிவு நிற்கும். பயிற்சியாளர் காதருகே குனிந்து நாலு வார்த்தை சொல்வார். மறுபடி மணி அடித்தால் ஸ்டூலோடு எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். இதற்கு மேல் தம் ஆள் தாங்கமாட்டார் என்று தோன்றினால் துண்டை உள்ளே எறிந்து ஆட்டத்தை முடிப்பதும் அந்த மூலையின் வேலைதான். குத்துச்சண்டைப் படங்களில் பெரும்பாலானவை குத்துகிறவரின் பக்கம் நின்று எடுக்கப்பட்டவை. இந்தப் படம் மூலையில் நிற்பவரின் பக்கம் நின்று எடுக்கப்பட்டது என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

அதற்குக் காரணம் இதன் கதை பிறந்த இடம். ஜெரி பாய்ட் என்பவர் அமெரிக்கக் குத்துச்சண்டைக் கூடங்களில் பயிற்சியாளராகவும், வெட்டுக் காயத்துக்கு மருந்திடுபவராகவும் இருந்தவர். எஃப். எக்ஸ். டூல் என்ற புனைபெயரில் அவர் எழுதிய சிறுகதைத் தொகுதி 2000ஆம் ஆண்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 70. இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார், படத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கதைகளைக் கொண்டு பால் ஹேகிஸ் திரைக்கதை அமைக்க, கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி, நடித்து, இசையும் அமைத்து 2004 டிசம்பரில் வெளியிட்டார். அடுத்த பிப்ரவரியில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகர் என்று நான்கு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. விருதுக் கணக்கு இத்துடன் போதும்.

லாஸ் ஏஞ்சலீசில் ஒரு பழைய பயிற்சிக்கூடம். அதை நடத்தும் ஃபிராங்கி டன் முதியவர். அயர்லாந்துக் கவிஞர் யேட்சைப் படிப்பவர். நாள் தவறாமல் தேவாலயம் போய்ப் பாதிரியாரை வம்புக் கேள்விகளால் துளைப்பவர். மகள் கேட்டிக்கு அவர் எழுதும் கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வருகின்றன. அவற்றை அவர் ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கிறார். தந்தைக்கும் மகளுக்கும் இடையில் என்னதான் நடந்தது என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. இந்தக் கூடத்துக்கு மேகி ஃபிட்ஸ்ஜெரால்டு வருகிறாள். வயது 31. மிசோரி மலைப்பகுதியின் ஏழைக் குடும்பத்துப் பெண். உணவகத்தில் பரிமாறும் வேலை. வாடிக்கையாளர் மிச்சம் வைத்துப்போன இறைச்சித் துண்டை அலுமினியத் தாளில் சுற்றி எடுக்கும்போது, பார்த்துவிட்டவரிடம் அது நாய்க்கு என்று சொல்கிறாள். அவளிடம் நாய் கிடையாது. பசியோடு மானத்தையும் சேர்த்து ஒரே பொய்யில் காட்டிவிட்ட அந்தச் சில வினாடிகளுக்காகவே ஹிலாரி ஸ்வாங்குக்கு விருது கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

பெண்களுக்குப் பயிற்சி தருவதில்லை என்று ஃபிராங்கி மறுப்பதும், அவள் விடாப்பிடியாக நிற்பதும், கடைசியில் அவர் இணங்குவதும் நமக்குப் பழகிய பாதைதான். நம் ‘இறுதிச்சுற்று’ படத்திலும் இப்படி முரண்டு பிடிக்கும் ஓர் இணை உண்டு. வடசென்னைக் குத்துச்சண்டைக்காரர்கள் பயிற்சியாளரை வாத்தியார் என்றே அழைப்பார்கள். இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஃபிராங்கிக்கு அந்தச் சொல்லே பொருத்தமானதாக எனக்குப் படும். அவர் கற்றுத்தரும் முதல் பாடம் எப்போதும் உன்னைக் காத்துக்கொள் என்பது. குத்தக் கற்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பாடத்தை அவர் எங்கே கற்றார் என்பதில்தான் படத்தின் முடிச்சு இருக்கிறது. கூடத்தைக் கூட்டித் துடைக்கும் ஸ்கிராப், மார்கன் ஃப்ரீமேன் நடித்த பாத்திரம், ஒரு கண் இழந்தவர். அவருடைய 109ஆவது போட்டியில் காயத்துக்கு மருந்திட நின்றவர் ஃபிராங்கி. இரத்தம் வழிய வழிய ஸ்கிராப் ஆடியபோது ஆட்டத்தை நிறுத்தத் துடித்தும் அவரால் முடியவில்லை. மேலாளர் வேறொருவர் என்பதால் துண்டை எறியும் உரிமை அவருக்கு இல்லை. கண் போயிற்று. அன்று முதல் தம் ஆட்களை எல்லாம் அவர் பொத்திப் பொத்தி வைக்கிறார். சாம்பியன் பட்டத்துக்கான போட்டியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால்தான் பிக் வில்லி என்ற வீரன் வேறு மேலாளரிடம் போய்விடுகிறான். காப்பாற்றுவதாக எண்ணி ஒருவரைக் கட்டிப்போடுகிறோமோ என்ற கேள்வியை எந்த வசனமும் இல்லாமல் இந்தப் பகுதி எழுப்புகிறது.

ஒரு போட்டியில் மேகியின் மூக்கு உடைகிறது. ஆட்டத்தை நிறுத்தப் போகிறார் ஃபிராங்கி, அவள் மன்றாடுகிறாள். அவர் ஸ்டூலுக்கு முன் குனிந்து உடைந்த மூக்கைக் கையாலேயே நெட்டி முறிப்பதுபோல் நிமிர்த்தி, பஞ்சை வைத்து, இரத்தம் மீண்டும் கொட்டுவதற்குள் ஆட்டத்தை முடித்துவிடச் சொல்கிறார். அவளும் முடித்துவிடுகிறாள். பாதுகாப்பு என்ற விதியைத் தாமே தளர்த்தியது அவர் முகத்தில் தெரிகிறது. டாம் ஸ்டெர்னின் ஒளிப்பதிவு அந்த முகத்தைப் பல இடங்களில் பாதி இருட்டிலேயே விட்டுவைக்கிறது. பார்வையாளர்தான் கண்ணைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும்.

பச்சைப் பட்டு அங்கி ஒன்றை அவர் அவளுக்குக் கொடுக்கிறார். முதுகில் ஐரிஷ் மொழியில் ‘மோ குஷ்லா’ என்று எழுதியிருக்கிறது. கூட்டம் அந்தப் பெயரையே முழக்கமாக்குகிறது; பொருள் என்னவென்று அவர் மட்டும் அவளிடம் சொல்வதில்லை. அந்த எழுத்துக்கூட்டலில் ஹெச் என்ற எழுத்து இடம் மாறி உட்கார்ந்திருப்பதை ஐரிஷ் அறிந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தாமாகவே புத்தகம் வைத்து மொழி கற்கும் ஒரு கிழவர் எழுதிக் கொடுத்ததில் பிழை இருப்பது இயல்புதானே என்று நான் சமாதானம் செய்துகொள்வதுண்டு.

பிறகு லாஸ் வேகஸ். எதிரே ‘நீலக் கரடி’ பில்லி. இந்த வேடத்தில் நடித்த லூசியா ரைக்கர் தொழில்முறைக் குத்துச்சண்டையில் தோல்வியே காணாத டச்சு வீராங்கனை. ஆட்டம் மேகியின் கைக்கு வந்துவிட்ட நேரத்தில் மணி அடிக்கிறது. அவள் மூலையை நோக்கித் திரும்புகிறாள். பில்லி விதியை மீறிக் குத்துகிறாள். அதற்குள் மூலையில் ஸ்டூல் போடப்பட்டுவிட்டது. அதுவும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதை இழுத்துவிட ஃபிராங்கி கை நீட்டுகிறார். எட்டவில்லை. குத்து வாங்கி விழும் மேகியின் கழுத்து அந்த விளிம்பில் மோதுகிறது. எதிராளியின் கையுறையால் முறிக்க முடியாதவளை, அவள் இளைப்பாறுவதற்காகச் சொந்த மூலை போட்டு வைத்த ஸ்டூல் முறித்துவிடுகிறது.

கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை, மூச்சு இயந்திரத்தில். ஒரு காலையும் எடுத்துவிடுகிறார்கள். தாயும் உடன்பிறந்தோரும் முதலில் டிஸ்னிலேண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வழக்கறிஞரோடு வந்து சொத்துப் பத்திரத்தில் கையொப்பமிட அவள் வாயில் பேனாவைத் திணிக்கிறார்கள். இந்த இடத்தில் படம் தவறிவிட்டது என்பேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிழல் கொடுத்த இயக்குநர், இந்தக் குடும்பத்தை மட்டும் வெறும் பொம்மலாட்ட வில்லன்களாக்கிவிட்டார். மேகி ஒரு கதை சொல்கிறாள்: பின்னங்கால்கள் செயலிழந்த ஆக்சல் என்ற நாயை அவள் தந்தை காட்டுக்குக் கூட்டிப்போய், தனியாகத் திரும்பி வந்தார். அதே உதவியைத்தான் அவள் ஃபிராங்கியிடம் கேட்கிறாள். அவர் மறுத்ததும் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். கடைசியில் ஓரிரவு அவர் வந்து, அந்த ஐரிஷ் சொல்லின் பொருள் ‘என் அன்பே, என் இரத்தமே’ என்று சொல்கிறார். மூலச் சொல்லுக்கு நாடித்துடிப்பு என்பதே நேர்ப் பொருள். மூச்சுக் குழாயைக் கழற்றிவிட்டு ஊசி போடுகிறார். ஊசியில் இருப்பது அட்ரினலின். வாழ்நாளெல்லாம் இரத்தத்தை நிறுத்த அவர் கையில் வைத்திருந்த அதே மருந்து. ஸ்கிராப்புக்காக எறிய முடியாத துண்டை அவர் இப்போது எறிகிறார் என்றே நான் இந்தக் காட்சியைப் படிக்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகள் அமெரிக்காவில் இந்தப் படத்தைக் கடுமையாக எதிர்த்தன. உடல் செயலிழந்தால் வாழ்வே வீண் என்ற எண்ணத்தைப் படம் பரப்புகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அதைப் புறங்கையால் தள்ள முடியாது. தெளிந்த மனநிலையிலுள்ள நோயாளி மூச்சு இயந்திரத்தை வேண்டாம் என்று மறுக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அதை மேகியிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் இரவில் திருட்டுத்தனமாக நுழைய வேண்டிய தேவையே இருந்திராது. படம் மேகிக்குச் சட்டம் தந்த வழியை மறைத்து, ஃபிராங்கியின் தோளில் மட்டும் சுமையை ஏற்றுகிறது. மூலையின் பக்கமிருந்தே எல்லாவற்றையும் பார்ப்பதன் விலை அது.

படம் முழுவதும் நாம் கேட்கும் ஸ்கிராப்பின் குரல், ஃபிராங்கியின் மகளுக்கு அவர் எழுதும் கடிதம் என்பது முடிவில்தான் தெரிகிறது. கேட்டி இதையாவது பிரித்தாளா என்று காட்டுவதில்லை. முன்பு மேகி அழைத்துப்போய் ஃபிராங்கிக்கு லெமன் பை வாங்கித்தந்த சாலையோரக் கடையின் மங்கிய கண்ணாடியைக் காட்டுகிறார்கள். உள்ளே ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவர் ஃபிராங்கிதானா என்று அந்தக் கண்ணாடி வழியே நம்மால் அடையாளம் காண முடியவில்லை.