மோனோபோலியின் புகழ் லிஸ்ஸி மேகிக்கே

நடுவர் அவர்களுக்கும் எதிரணியினருக்கும் அவையோருக்கும் வணக்கம். மனை வாங்கி வாடகை வசூலிக்கும் பலகை விளையாட்டான மோனோபோலியின் புகழ் அதை உருவாக்கியவருக்கு உரியதா, உலகெங்கும் கொண்டு சேர்த்தவருக்கு உரியதா என்பது இன்றைய வழக்கு. உருவாக்கிய எலிசபெத் மேகிக்கே, லிஸ்ஸி மேகி என்று அறியப்பட்ட அந்த அமெரிக்கப் பெண்மணிக்கே உரியது என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையிழந்த சார்லஸ் டாரோ வீட்டிலேயே பலகை செய்து விற்று, 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனத்திடம் அதைக் கொடுத்துப் பெருஞ்செல்வரான கதையை உருக்கமாகச் சொன்னார். அவை கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, நண்பர் கதையை நடுவிலிருந்து தொடங்கிவிட்டார். சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றி வந்த லிஸ்ஸி மேகி, ‘நிலக்கிழாரின் விளையாட்டு’ என்ற பொருள்படும் பெயரில் தாம் உருவாக்கிய பலகைக்கு 1903 மார்ச்சில் விண்ணப்பித்து, 1904 ஜனவரி 5 அன்று காப்புரிமை பெற்றார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைக்க அப்போது இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன.

அந்தப் பலகையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். விளிம்பைச் சுற்றி விலையும் வாடகையும் குறித்த மனைகள், இடையிடையே நான்கு ரயில் பாதைகள், மூலைகளில் சிறையும் பொதுப் பூங்காவும், ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் ஒரு கட்டம், ஒவ்வொரு சுற்றையும் முடிப்பவருக்கு 100 டாலர் கூலி. மோனோபோலி ஆடியவர் எவரும் இதை அடையாளம் காண்பதற்கு என் உதவி தேவைப்படாது.

அவர் இதைப் பொழுதுபோக்குக்காக மட்டும் செய்யவில்லை. நிலத்தின் மதிப்பு சமூகத்தால் உயர்வதால் அந்த மதிப்பின் மீதே வரி விதிக்க வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் பொருளியல் கொள்கையில் ஊறியவர் அவர். அதைப் புரியவைக்க இரு வகை விதிகளை வகுத்தார். ஒன்றில், நிலத்தைக் குவித்தவர் மற்றவர்களைப் போண்டியாக்கி வெல்வார். மற்றொன்றில், செல்வம் பெருகும்போது எல்லோருக்கும் பலன் கிடைக்கும். முதல் வகையை ஆடிப் பார்த்து அதன் கொடுமையை உணர வேண்டும் என்பதே நோக்கம். டாரோவின் கைக்கு வந்தபோது இரண்டாம் வகை உதிர்ந்து போயிருந்தது. எச்சரிப்பதற்காக வரைந்த பாதி மட்டும், உலகம் முழுவதும் கொண்டாட்டமாக விற்றதென்றால், இதைவிடக் கசப்பான வெற்றியை நான் கேள்விப்பட்டதில்லை.

“இரண்டு பேருக்கு ஒரே எண்ணம் தனித்தனியே தோன்றக் கூடாதா?” என்று நண்பர் கேட்டார். தோன்றலாம், எழுத்துப்பிழையும் ஒன்றாகவே தோன்றுமா? டெலாவேர் மாநிலத்து ஆர்டன் கிராமத்திலும் கல்லூரிகளிலும் கைமாறிக் கைமாறிப் பரவிய இந்த விளையாட்டை, அட்லாண்டிக் சிட்டியில் வாழ்ந்த குவேக்கர் சமயத்தவர் தங்கள் ஊர்த் தெருப்பெயர்களை இட்டு ஆடினார்கள். அந்த வடிவத்தைக் கற்ற சார்லஸ் டாட் என்பவர் அதை டாரோவுக்கும் கற்றுக்கொடுத்தார். அந்த ஊருக்கு அருகிலிருந்த ‘மார்வென் கார்டன்ஸ்’ என்ற பகுதியை டாட் தம் பலகையில் ‘மார்வின்’ என்று பிழையாக எழுதியிருந்தார். டாரோவின் பலகையிலும் அதே ‘மார்வின்’ வந்து அமர்ந்தது. தேர்வுத் தாள் திருத்தும் எந்த ஆசிரியரும் இதற்கு மேல் சாட்சி கேட்க மாட்டார்.

அடுத்து, லிஸ்ஸி மேகியே தம் காப்புரிமையை 500 டாலருக்கு விற்றுவிட்டாரே என்ற வாதம். உண்மைதான். 1924இல் புதுப்பித்த வடிவத்துக்கு அவர் பெற்றிருந்த இரண்டாவது காப்புரிமையை, 1935 நவம்பரில் பார்க்கர் பிரதர்ஸ் ராயல்டி எதுவுமின்றி அந்தத் தொகைக்கு வாங்கியது. என் கேள்வி ஒன்றே: சொந்தக்காரர் அல்லாத ஒருவரிடம் எந்த நிறுவனமாவது பணம் கொடுத்து உரிமை வாங்குமா? அந்த ரசீதே எங்கள் அணியின் சான்று. மேலும், அவர் விற்றது காப்புரிமையை. பெட்டிக்குள் வேறொருவரைக் கண்டுபிடிப்பாளர் என்று எழுதிக்கொள்ளும் அனுமதியை அன்று. 1936 ஜனவரியில் வாஷிங்டன் பத்திரிகைகளுக்குத் தம் பழைய பலகைகளைக் காட்டி அவர் பேசியது, அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க மனமில்லாததால்தான்.

கொண்டு சேர்த்தவரின் உழைப்பை நான் மறுக்கவில்லை. பணம் அவருக்குக் கிடைத்தது, அதில் இந்த மன்றம் தலையிட வேண்டியதில்லை. புகழைப் பற்றியே பேசுகிறோம். 1970களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளியல் பேராசிரியர் ‘ஆன்ட்டி மோனோபோலி’ என்ற விளையாட்டை வெளியிட்டு, பெயருக்காக நீதிமன்றம் செல்ல நேர்ந்து, தம்மைக் காத்துக்கொள்ளப் பழைய ஆவணங்களைத் துழாவியபோதுதான் லிஸ்ஸி மேகியின் பெயர் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அவரோ 1948இலேயே மறைந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும் முன் 1940ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதில் தொழில் என்ற இடத்தில் லிஸ்ஸி மேகிக்கு ‘விளையாட்டுகளை உருவாக்குபவர்’ என்று பதிவாகியிருக்கிறது. வருமானம் என்ற இடத்தில் இருப்பது 0. நன்றி, வணக்கம்.