கேபிள் அழகா மாட்டிடும்... எஸ்எஸ்டி செத்துடும்! முதல் கேமிங் பிசிக்கு பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[திரையில்: ரெண்டு கறுப்பு கேபிள், பக்கத்துல பக்கத்துல]

இந்த ரெண்டு கேபிளையும் நல்லா பாருங்க. ரெண்டும் கறுப்பு. ரெண்டுலயும் ஆறு ஓட்டை. ரெண்டுமே எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை, அதோட டப்பாவுல வந்த சாட்டா கேபிள்தான் (எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் கொண்டு போறது), ஆனா கம்பெனி வேற வேற. மாத்தி மாட்டினா 'டக்'னு கச்சிதமா உட்காரும். ஸ்விட்ச்சைப் போட்டா அடுத்த நொடி உங்க எஸ்எஸ்டி காலி. சத்தமும் வராது, பல நேரம் புகைகூட வராது.

ஏன் அப்படின்னு சொல்றேன், ஆனா கொஞ்சம் கழிச்சுதான். இப்பவே சொல்லிட்டா வீடியோவை மூடிட்டுப் போயிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்.

வணக்கம் மக்களே. பிசி அசெம்பிள் பண்றதுல மாட்டாத பொருளால பெரிய ஆபத்து இல்ல. மாட்டலைன்னா கடைக்குப் போய் கெஞ்சிக் கூத்தாடி மாத்திக்கலாம். மாட்டவே கூடாத இடத்துல சமர்த்தாப் போய் உட்கார்ந்துக்குது பாருங்க, அதுதான் பர்ஸைப் பதம் பார்க்கும். இன்னிக்கு முழுக்க அந்த ஆளுங்களைத்தான் பிடிக்கப் போறோம்.

உதாரணத்துக்கு ஒரு பிசி எடுத்துக்குவோம். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி ராம் ரெண்டு, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கடைசி வரைக்கும் இதையே வெச்சுப் பேசுவோம்.

[திரையில்: சாக்கெட் படங்கள்]

சாக்கெட், அதாவது போர்டுல பிராசசர் உட்கார்ற இடம். இந்த விஷயத்தை வேகமா முடிச்சுடுறேன், இதை எல்லாரும் சொல்லிட்டாங்க. ரைசன் 7000, 9000 ரெண்டும் ஏஎம்5. 5000 வரிசை ஏஎம்4. இன்டெல்ல 12, 13, 14-வது தலைமுறை எல்ஜிஏ1700, கோர் அல்ட்ரா 200 வரிசை எல்ஜிஏ1851. தப்பா வாங்கினா உட்காராது. உட்காரலைன்னு அழுத்தினா மட்டும்தான் பிரச்னை. பிராசசர் மூலையில இருக்கிற சின்ன தங்க முக்கோணமும் சாக்கெட்ல இருக்கிற முக்கோணமும் ஒரே பக்கம் இருக்கணும். பூ வைக்கிற மாதிரி வைங்க, தானா இறங்கும்.

இப்ப முதல் திருடன், பயாஸ். ஸ்விட்ச்சைப் போட்டதும் பிசியை எழுப்பிவிடுற, போர்டுக்குள்ளேயே இருக்கிற சாஃப்ட்வேர் அது. பி650 போர்டு 2022-ல வந்துச்சு. ரைசன் 9000 வரிசை வந்தது 2024 ஆகஸ்ட்ல. சாக்கெட் ஒண்ணுதான், பிராசசர் அழகா உட்காரும், ஃபேன் சுத்தும், லைட்டு எரியும், திரையில மட்டும் எதுவும் வராது. கடை அலமாரியில ரொம்ப நாளா கிடந்த போர்டுக்கு அதுக்கப்புறம் பொறந்த பிராசசரை அடையாளம் தெரியாது, அவ்வளவுதான். ஏஎம்4-ல பி450 போர்டும் ரைசன் 5000-மும் சேரும்போது இதே கதைதான்.

அதனால போர்டு வாங்குறப்பவே பின்பக்கம் 'பயாஸ் ஃப்ளாஷ்பேக்' பட்டன் இருக்கான்னு பாருங்க. பேரு கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அது இருந்தா பென் டிரைவை ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணி, கம்பெனி தளத்துல இருந்து புது பயாஸ் ஃபைலை இறக்கி, அவங்க சொன்ன பேரை ஃபைலுக்கு வெச்சு, குறிச்ச போர்ட்ல சொருகி, பட்டனை அழுத்தினா போதும். பிராசசர், ராம் எதுவுமே மாட்டாம அப்டேட் ஆகும். நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு படுத்துடும், அதனால யூபிஎஸ்ல வெச்சுப் பண்ணுங்க. நம்ம 7600-க்கு இப்ப கடையில கிடைக்கிற பி650 போர்டு பெரும்பாலும் அப்படியே ஓகே, நமக்குப் பெரிய கவலை இல்ல.

ராம். ஏஎம்5-ல டிடிஆர்5 மட்டும்தான். எல்ஜிஏ1700-ல போர்டைப் பொறுத்து டிடிஆர்4 இல்ல டிடிஆர்5, ரெண்டும் ஒரே போர்டுல சேர்ந்து ஓடாது. ரெண்டுலயும் 288 காலு, ஆனா நடுவுல இருக்கிற வெட்டு வேற இடத்துல. அதனால மாத்தி ஏறவே ஏறாது. நல்ல டிசைன்னா இதுதான்!

ராமை மாட்டும்போது பிராசசர்ல இருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட். 1-ம் 2-ம் இல்ல. 'அழகா இருக்கே'ன்னு நாலு ஸ்லாட்டையும் ரொப்பாதீங்க. ரைசன் 7000-ல ரெண்டு ராமுக்கு ஏஎம்டி உத்தரவாதம் கொடுக்கிற வேகம் 5200, நாலு போட்டா 3600. காசு கொடுத்து வேகத்தைக் குறைச்சுக்குற ஒரே ஐடியா இதுதான்னு நினைக்கிறேன். 16 ஜிபி ரெண்டு, 6000 வேகம், சிஎல்30 (ராம் பதில் சொல்ல எடுக்கிற தாமதத்தோட நம்பர்), பயாஸ்ல 'எக்ஸ்போ' (ராமை டப்பாவுல போட்ட வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன். முடிஞ்சது.

[திரையில்: கிராபிக்ஸ் கார்டு, கீழ்ப்பக்கத் தங்க முனை]

கிராபிக்ஸ் கார்டு எந்தப் புது போர்டுலயும் உட்காரும். ஆனா பிராசசரோட எத்தனை பாதையில பேசும்னு யாரும் கேக்குறதில்ல. 5060 டிஐ, 4060 எல்லாம் பார்க்க 16 பாதை கார்டு மாதிரி நீளமா இருக்கும், உள்ளே 8 பாதைதான். புது போர்டுல பிரச்னையே இல்ல. ஆனா விலை கம்மின்னு ரைசன் 5 5500 எடுத்தீங்கன்னு வைங்க, அந்த பிராசசர் பிசிஐஇ 3.0-வோட நின்னுடும் (பிசிஐஇ-ங்கிறது அந்தப் பாதையோட பேரு, நம்பர் ஏற ஏற வேகமும் ஏறும்). எட்டு வழிச் சாலையில வேகத் தடையும் போட்ட மாதிரி ஆகிடும். அதே ஏஎம்4-ல பேருல 100 மட்டும் கூட இருக்கிற 5600, பி550 போர்டுல 4.0-வுல ஓடும். ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி பேரு வெச்சுக்கிட்டு செய்ற வேலையைப் பாருங்க.

இன்னொண்ணு, பேரு கடைசியில 'எஃப்' இருக்கிற பிராசசர்ல படம் காட்டுற சிப் கிடையாது. 12400எஃப், 7500எஃப் மாதிரி. 'கிராபிக்ஸ் கார்டு அடுத்த மாசம் வாங்கிக்கலாம்'னு பிளான் இருந்தா எஃப் பக்கமே போகாதீங்க. நம்ம 7600-ல சின்னதா ஒண்ணு உள்ளேயே இருக்கு. கேம் ஓடாது, ஆனா பிசி உயிரோட இருக்கான்னு பார்க்கலாம். டப்பாவுக்குள்ளேயே கூலரும் வரும். 7600எக்ஸ் வாங்கினா கூலர் தனியா வாங்கணும்.

சரி, இப்ப வர்றோம். எஸ்எம்பிஎஸ். இந்த வீடியோவே இதுக்குத்தான்.

[திரையில்: மாடுலர் எஸ்எம்பிஎஸ், பின்பக்க ஓட்டைகள்]

மாடுலர் எஸ்எம்பிஎஸ்னா கேபிள்களைத் தனித்தனியா கழட்டி மாட்டலாம். கேபிளுக்கு ரெண்டு முனை. எஸ்எஸ்டி பக்கம் இருக்கிற முனைக்கு உலகம் முழுக்க ஒரே விதி. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கிற முனைக்கு விதியே இல்ல! எந்த ஓட்டையில 12 வோல்ட், எந்த ஓட்டையில 5 வோல்ட், எது கிரவுண்டுன்னு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வெச்சுக்கும். ஆனா பிளாஸ்டிக் முனை மட்டும் பல கம்பெனிக்கு ஒரே அச்சு. அதனால அவன் கேபிள் இவன் ஓட்டையில ஏறும், 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில 12 வோல்ட் போகும். 5 வோல்ட்டுக்குச் செஞ்ச எஸ்எஸ்டி என்ன பண்ணும் பாவம்?

இன்னும் மோசம், ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலுக்கு இடையிலேயே இது மாறும். அதனால எஸ்எம்பிஎஸ்ஸை மாத்தினா, கேபிள்களையும் மொத்தமா கழட்டி மாத்துங்க. 'பழைய கேபிள் அழகா கட்டியிருக்கு, டப்பாவை மட்டும் மாத்திடலாம்'ங்கிற சோம்பேறித்தனத்துலதான் ஹார்டு டிஸ்க்கோட கல்யாண ஃபோட்டோவும் போகும். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் கேபிள் இல்லாம கிடைச்சா அந்தப் பக்கமே திரும்பாதீங்க.

அடுத்து 8 பின். எஸ்எம்பிஎஸ்ல இருந்து ரெண்டு வகை 8 பின் வரும். பிராசசருக்குப் போறது 4+4-ஆப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்குப் போறது 6+2-ஆப் பிரியும். 12 வோல்ட்டும் கிரவுண்டும் ரெண்டுலயும் நேர் எதிர்ப் பக்கம். முனைகள்ல சில கட்டம் சதுரமா இருக்கும், சில கட்டம் ஓரம் சீவியிருக்கும். மாத்தி மாட்டக் கூடாதுன்னு வெச்ச பூட்டு அது. ஈஸியா ஏறலைன்னா பலத்தைக் காட்டாதீங்க. கேபிள் மேல 'சிபியு', 'பிசிஐஇ'ன்னு எழுதியிருக்கும், படிங்க.

எத்தனை வாட் வேணும்? கணக்கு சிம்பிள். நம்ம 7600 முழு மூச்சுல 88 வாட். 5060 டிஐ 180 வாட். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 60-னு வைங்க. மொத்தம் 330 பக்கம். கிராபிக்ஸ் கார்டு கண் சிமிட்டுற நேரத்துக்கு எகிறிக் குதிக்கும், அதுக்கும் இடம் விடணும். என்விடியா இந்தக் கார்டுக்கு 600 வாட் சொல்லுது. 650 எடுங்க. 1000 வாட் வாங்கினா ஃபிரேம் கூடாது, கடைக்காரர் முகத்துல சிரிப்பு மட்டும் கூடும்.

கார்டுக்குப் போற கரண்ட்டையும் பார்க்கணும். ஸ்லாட் வழியா 75 வாட், ஒரு 8 பின் வழியா 150. ஆக 225. 180 வாட் கார்டுக்கு ஒரு கேபிள் தாராளம். பெரிய கார்டுகள்ல வர்ற 16 பின் முனை தனி ரகம், அதுல 600 வாட் வரைக்கும் போகும். ஆர்டிஎக்ஸ் 4090-ல உருகினது இதுதான். முழுசா உள்ளே போகாம அரைகுறையா நின்னா சூடாகி உருகும். இடைவெளி துளிகூடத் தெரியாத வரைக்கும் தள்ளுங்க, முனையை ஒட்டி கேபிளை மடக்காதீங்க.

'80 பிளஸ் கோல்டு' ஸ்டிக்கர் தரச் சான்றிதழ் இல்ல. கரண்ட்டை எவ்வளவு வீணாக்காம மாத்துதுன்னு சொல்ற முத்திரை, அவ்வளவே. கேபினெட்டோட இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ்ஸை ஆயுத பூஜைக்கு வெச்சுக் கும்பிடுங்க, பிளக்குல சொருகாதீங்க.

இப்ப நம்ம ஊர் சமாச்சாரம், வெளிநாட்டு வீடியோவுல இது வராது. கம்ப்யூட்டருக்குன்னு வீட்ல இருக்கிற 600 விஏ யூபிஎஸ் தர்றது பெரும்பாலும் 360 வாட்தான். நம்ம பிசிக்கு 330 வாட் உள்ளே போகணும்னா, 90 சதவீதத் திறன்ல சுவர்ல இருந்து 367 இழுக்கும். மானிட்டருக்கு 30. கணக்கு எங்க போச்சு? பிரவுசர்ல இருக்கும்போது கரண்ட் போனா யூபிஎஸ் தாங்கும். கேம் நடுவுல போனா யூபிஎஸ்ஸும் கூடவே போயிடும். 600 வாட் தர்ற யூபிஎஸ் பாருங்க, சுமார் 1000 விஏ-வுக்கு மேல. முடிஞ்சா ப்யூர் சைன் வேவ். நல்ல எஸ்எம்பிஎஸ்கள்ல சிலது மட்ட ரக அலையைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஆஃப் ஆகும். வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டுறவங்க, பின்னாடி 'யூபிஎஸ் மோட்' ஸ்விட்ச் இருந்தா அதுல வைங்க. இல்லன்னா அது மாறுறதுக்குள்ள பிசி ரீஸ்டார்ட் ஆகிடும்.

கேபினெட்டைத் தொட்டா 'சுர்ர்'னு கூசுதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுப் போச்சுன்னு எல்லாரும் கடைக்கு ஓடுவாங்க. பெரும்பாலும் தப்பு உங்க சுவர்ல. எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்ட ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். ஒண்ணு ஃபேஸ்ல இருந்து எர்த்துக்கு, இன்னொண்ணு நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு. எர்த் கம்பி ஒழுங்கா இருந்தா அந்தத் துளி கரண்ட் மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லைன்னா கேபினெட் 230-ல பாதி, 115 வோல்ட் பக்கத்துல மிதக்கும். டெஸ்டர் வெச்சா லேசா மினுக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்க. மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகுற பழக்கத்தை விடுங்க. இந்த ஒரு தகவலுக்காவது லைக் பண்ணலாம்ல?

கேபினெட்டுக்கு மூணு நம்பர் போதும். கூலர் உயரம், கார்டு நீளம், போர்டு அளவு. 160 மில்லிமீட்டர் கூலரை 155 அனுமதிக்கிற கேபினெட்ல போட்டா கண்ணாடிக் கதவு மூடாது. முன்பக்கம் ரேடியேட்டர் வெச்சா, அது 27, ஃபேன் 25, ஆக 52 மில்லிமீட்டர் கார்டு நீளத்துல போயிடும்.

எம்.2 எஸ்எஸ்டி, அதாவது கேபிள் இல்லாம போர்டுலயே நேரா சொருகுற பட்டை: ஸ்லாட்டுக்குப் பொருந்துதுன்னு சாட்டா வகையை வாங்கிடாதீங்க, என்விஎம்இ-ன்னு போட்டிருக்கணும். சில போர்டுல ஒரு எம்.2 ஸ்லாட்டை நிரப்பினா ரெண்டு சாட்டா போர்ட் செத்துடும், மேனுவல்ல இருக்கும்.

கலர் லைட்டு. 5 வோல்ட் ஏஆர்ஜிபிக்கு 3 பின், 12 வோல்ட் ஆர்ஜிபிக்கு 4 பின். 3 பின் கேபிள் 4 பின்ல ஏறாம இருக்க ஒரு அடைப்பு உண்டு. சில மலிவு இணைப்புக் கேபிள்ல அந்த அடைப்பு இருக்காது. 12 வோல்ட்ல ஏறினா தீபாவளி ஒரே நொடியில முடிஞ்சுடும்.

எல்லாம் மாட்டியாச்சு, ஆன் பண்ணீங்க, திரை கறுப்பு. பதறாதீங்க! ஏஎம்5-ல முதல் தடவை ராமைப் பழக்கப்படுத்த சில நிமிஷம் எடுக்கும். போர்டுல 'டிராம்'னு ஒரு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்தக் காலத்து டிவி சூடாகிப் படம் வர்ற மாதிரிதான், டீ போட்டுட்டு வாங்க. நடுவுல ஆஃப் பண்ணி ஆன் பண்ணா முதல்ல இருந்து ஆரம்பிக்கும். பதினஞ்சு நிமிஷம் ஆகியும் வரலைன்னா ராமைக் கழட்டி, ஒண்ணை மட்டும் 2-வது ஸ்லாட்ல போட்டுப் பாருங்க. அப்படியே மானிட்டர் கேபிளை மதர்போர்டுல சொருகாம கிராபிக்ஸ் கார்டுல சொருகியிருக்கீங்களான்னும் பாருங்க. சிரிக்காதீங்க, கமெண்ட்ல பாதிப் பேர் 'கேம் ஸ்லோவா ஓடுது'ன்னு கேக்குறது இதுக்குத்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ ஆன்லைனுக்கோ போறதுக்கு முன்னாடி உங்க லிஸ்ட்டைக் கீழே போடுங்க, பார்த்துச் சொல்றேன். ஆனா முழு மாடல் பேரோட போடுங்க. '650 வாட் எஸ்எம்பிஎஸ், நல்ல கம்பெனி'ன்னு போட்டா பதில் வராது. பில்லுலயும் அப்படித்தான், மாடல் பேரு முழுசா எழுதச் சொல்லி வாங்கிட்டுத்தான் டப்பா சீலை உடைக்கணும்.