செய்தி எது, தலையங்கம் எது? (கிளை நூலக ஆண்டுவிழா உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்நூலகத்திற்குத் தம் தகப்பனார் நினைவாக இடம் வழங்கிய புரவலர் அவர்களே, தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, வாசகர் வட்டப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

செய்தித்தாள் வாசிப்பவர் அறிய வேண்டிய சொற்களைக் குறித்து, செய்திக்கும் கருத்துக்கும் உள்ள வேறுபாடு, பக்க அமைப்பு, மொழிநடை என மூன்று கூறுகளைப் பேச எண்ணி வந்திருக்கிறேன். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற பழமொழி அச்செழுத்துக்கும் பொருந்தும்.

'நமது நிருபர்' என்று வருவது செய்தி. அது நடந்ததைச் சொல்ல வேண்டும். தலையங்கம் பத்திரிகையின் நிலைப்பாடு. ஆகவேதான் அதன்கீழ் பெரும்பாலும் எவர் பெயரும் இருப்பதில்லை. பெயர் போட்டு ஒருவர் தொடர்ந்து எழுதும் பத்தி, அவருடைய சொந்தக் கருத்து. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் என்னும் தமிழ்ப் பத்திரிகையில் 1904இல் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியார், ஆங்கிலச் செய்திகளை நாள்தோறும் தமிழாக்கினார். புதுப் பொருளுக்குத் தமிழ்ச் சொல் தேடிய அத்தகைய உழைப்பின் பயனைத்தான் நாம் இன்று காலைத் தேநீரோடு அனுபவிக்கிறோம்.

எங்கள் தெருவில், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, ஒருநாள் காலையில் நாளிதழைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். "தம்பி, பேப்பரிலேயே போட்டுவிட்டான், இனி என்ன சந்தேகம்?" என்றார். புறவழிச்சாலை ஓரத்து மனைகளைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை. தலைப்பு, துணைத்தலைப்பு, படத்தின்கீழ் விளக்கம், நடுவே பெட்டிச் செய்தி, எல்லாம் செய்தியைப் போலவே இருந்தன. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, பக்கத்தின் வலது மேல்மூலையில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் 'விளம்பரம்' என்றிருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அண்ணன் நெடுநேரம் அந்த மூலையையே பார்த்திருந்துவிட்டு, "முன்தினமே முன்பணம் கட்டிவிட்டேனே, தம்பி" என்றார். அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை.

படிக்கத் தெரியாதவரல்லர் அவர். முப்பது ஆண்டு கணக்கெழுதியவர். அந்த ஒரு சொல் எந்த மூலையில் இருக்கும் என்று அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. தீர விசாரிப்பதே மெய் என்கிறோம். விசாரிக்க வேண்டுமானால், ஒரே நிகழ்வை நான்கு தாள்கள் எப்படித் தலைப்பிட்டன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாமா? இந்நூலகத்து மேசையிலோ ஒரே ஒரு நாளிதழ்தான் கிடக்கிறது.

பக்க அமைப்பையும் மொழிநடையையும் இன்னொரு மேடைக்கு வைத்துக்கொண்டு, புரவலர் அவர்களிடமும் தலைமையாசிரியை அம்மையாரிடமும் ஒன்றை வேண்டுகிறேன். நான்கு தமிழ் நாளிதழ்கள் இங்கு நாள்தோறும் வர வேண்டும். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் மாணவர்கள் அவற்றை விரித்து, செய்தி எது, தலையங்கம் எது, விளம்பரம் எது என்று பென்சிலால் குறிக்க வேண்டும். அதற்கான மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. அனைவரும் கையெழுத்திட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.