பெரிய பீரங்கி, சின்னக் கப்பல், ஒரு ஊசி

வணக்கம். 'டெ ஸேவன் ப்ரொவின்சியன்' என்ற பழைய டச்சுக் கடற்படைக் கப்பலின் மாடல் கைக்கு வந்துவிட்டது! ஏழு மாகாணங்கள் என்று பொருள், டச்சுக் குடியரசின் அந்த ஏழு மாகாணங்கள்தான். 1/350 அளவில் நீளம் 29 சென்டிமீட்டர். அசல் 101 மீட்டர் சொச்சம்.

ஆனால் முன்பக்கப் பீரங்கிக் குழலைப் பாருங்கள். வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது. 3D பிரிண்டரில் அச்சடித்துக் கொடுத்தவரிடம் கேட்டால் புதிதாக அடிக்க 450 ரூபாயாம், கூரியர் தனி. ஏற்கெனவே 2,400 கொடுத்திருக்கிறேன். எனக்கு வந்த கோபம்!

இந்தக் கப்பலில் குழல் கோணலாக இருந்தால் எல்லாமே கெட்டது. 6,500 டன் எடைதான், வேகம் 16 நாட், அதாவது மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அதன் மேல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என 28 சென்டிமீட்டர் துளை கொண்ட, ஜெர்மனியின் க்ரூப் நிறுவனப் பீரங்கிகள். கடலோரக் காவல் கப்பலின் கணக்கே அதுதான்: எதிரியைத் துரத்த வேண்டாம், அவன் வரும் வழியில் நின்று பலமாக அடித்தால் போதும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இதைக் 'குட்டிப் போர்க்கப்பல்' என்று கமெண்டில் எழுதுகிறீர்களே, அது பிடிக்கவே பிடிக்காது.

சரி, குழல். வெந்நீரில் இருபது விநாடி போட்டு, ஸ்கேலில் அழுத்தி, பச்சைத் தண்ணீரில் முக்கினேன். நேரானது. காலையில் பார்த்தால் மறுபடியும் வளைவு. அப்புறம்தான் ஊசி ஞாபகம் வந்தது. 28 சென்டிமீட்டரை 350-ஆல் வகுத்தால் 0.8 மில்லிமீட்டர். மருந்துக்கடையில் கிடைக்கும் 18 நம்பர் ஊசியின் உள்துளை கிட்டத்தட்ட அதே! இரண்டு ஊசி எட்டு ரூபாய். ஊசியையே குழலாக வைக்க, சாய்வான முனையை அரத்தில் தேய்த்துச் சமமாக்கினேன். கிட்டே காட்டுகிறேன், துளை தெரிகிறதா? உருண்டையாக, அவ்வளவு சுத்தமாக. நேற்று ராத்திரி இதை நாலு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன்.

முன் டெக்கை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1933 பிப்ரவரி 4 ராத்திரி, அப்போது டச்சுக் காலனியாக இருந்த இந்தோனேசியாவில், சுமத்ராவின் வடமுனையில் நங்கூரமிட்டிருந்தபோது மாலுமிகள் கப்பலைக் கைப்பற்றினார்கள். கேப்டன் விருந்துக்காகக் கரைக்குப் போயிருந்தார். காரணம் சம்பள வெட்டு. அதை எதிர்த்து ஜாவாவின் துறைமுகமான சுரபயாவில் கைதான தோழர்களை விடச் சொல்லி, இந்தோனேசியர்களும் சில டச்சுக்காரர்களும் சேர்ந்து கப்பலை அந்த ஊரை நோக்கி ஓட்டினார்கள். 10-ஆம் தேதி, சுந்தா நீரிணைப் பக்கம், டச்சுக் கடற்படையின் டோர்னியர் விமானம் 50 கிலோ குண்டு போட்டது. 23 பேர் இறந்தார்கள். பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர் கவசம் இருந்து என்ன பயன்? அவர்கள் திறந்த முன் டெக்கில் நின்றவர்கள். சம்பளம் கேட்டவர்கள் மேல் சொந்தக் கடற்படையே குண்டு போட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன், கப்பல் 1909-இல் ஆம்ஸ்டர்டாமில் நீரில் இறங்கியது, அடுத்த ஆண்டு சேவைக்கு வந்தது. கலகத்துக்குப் பிறகு பெயரையே 'சுரபயா' என்று மாற்றிப் பயிற்சிக் கப்பலாக்கினார்கள். 1942 பிப்ரவரி 18 அன்று அதே சுரபயாவில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன.

என் மாடலில் பழைய பெயர்தான் இருக்கும். 1933-இல் இருந்த கோலத்தில்தான் செய்யப்போகிறேன். முன் டெக்கில் நிற்க 23 ஆட்கள் வேண்டும், ஒவ்வொருவரும் 5 மில்லிமீட்டர் உயரம். அடுத்த வீடியோவில் அவர்களைத்தான் வெட்டப்போகிறேன்.