போஸ்டொய்னா குகை: வெளிச்சம் போட்ட கறை

[காட்சி: குகை வாசல், கரி படிஞ்ச பாறை]

இந்தப் பாறையைப் பாருங்க. விறகடுப்புக்கு மேல இருக்கிற சுவர் மாதிரி கருத்துப் போயிருக்கு. ஸ்லோவேனியாவுல இருக்கிற போஸ்டொய்னா குகையோட வாசல் இது. இந்தக் கரியோட கதைக்கு அப்புறம் வருவோம். முதல்ல ஒரு விளக்குக்காரர்.

1818. ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் பிரான்சிஸ் குகை பாக்க வர்றாரு. அப்ப ஜனங்களுக்குத் தெரிஞ்சது வாசலை ஒட்டின பகுதி மட்டும்தான். பல தலைமுறையா வந்து போனவங்க அங்க தங்களோட பேரைக் கிறுக்கி வெச்சிருந்தாங்க (இந்த வியாதி நம்ம ஊர்க் கோட்டைகளுக்கு மட்டும் சொந்தமில்ல). அரசர் வருகைக்காக உள்ள வேலை பாத்த உள்ளூர் ஆள் லூகா செச், ஒரு பாறைச் சரிவுல ஏறி இருட்டுக்குள்ள போயிட்டாரு. ரொம்ப நேரம் ஆளையே காணோம். திரும்பி வந்தப்ப, அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத பெரிய குகை ஒண்ணு தெரிய வந்துச்சு. இன்னிக்கு அளந்திருக்கிற நீளம் சுமார் 24 கிலோமீட்டர்.

அடுத்த வருஷமே, 1819-ல, பொதுமக்களுக்குத் திறந்துட்டாங்க.

[காட்சி: பழைய ஓவியம், தீப்பந்தம் ஏந்திய கூட்டம்]

தீப்பந்தம் எரிஞ்சா சும்மா இருக்குமா? புகை எல்லாம் சுண்ணாம்புத் தூண்கள் மேல போய் ஒட்டிக்கும். 1872-ல தண்டவாளம் வந்துச்சு, ஆனா இன்ஜின் இல்ல. ரெண்டு பேர் உக்காரும் வண்டியை வழிகாட்டிகளே பின்னால இருந்து தள்ளணும்! 1884-ல மின்விளக்கு. தலைநகர் லியுப்லியானாவுக்கே அப்ப கரண்ட் கிடையாது.

சரி, புகைத் தொல்லை விட்டுச்சு. அதோட முடிஞ்சுதா? இல்ல. சுத்துலாக் குகைகள்ல விளக்கைச் சுத்தி மட்டும் பச்சையா பாசி பிடிச்சிருக்கும், கவனிச்சிருக்கீங்களா? பாசியோட விதைத்தூள் நம்ம செருப்பு, துணி வழியாவும் உள்ள போகும். வெளிச்சமும் ஈரமும் கிடைச்சா போதும், முளைச்சு சுண்ணாம்பையே மெல்ல அரிச்சுடும். ஆள் நகர்ந்ததும் விளக்கை அணைக்கிறாங்களே, அது கரண்ட் பில்லுக்காக மட்டும் இல்ல.

இப்ப அந்த வாசல் கரி. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் ராணுவம் இங்க எரிபொருளைப் பதுக்கி வெச்சிருந்துச்சு. 1944 ஏப்ரல்ல ஜெர்மன் ராணுவத்தை எதிர்த்து மறைஞ்சு சண்டை போட்ட பார்ட்டிசான் போராளிகள் வேற வழியா உள்ள புகுந்து கொளுத்திட்டாங்க. நாள்கணக்குல எரிஞ்சுது. அந்தக் கரி இன்னும் போகல.

[காட்சி: வெளிறிய உடல், கழுத்தோரம் சிவப்புச் செவுள்கள்]

இத்தனை வெளிச்சமும் தேவைப்படாத ஒரு ஜீவன் இங்க இருக்கு. பேரு ஓல்ம். தவளை மாதிரி நீர்நில வாழ் இனம்தான், ஆனா உடம்பு பாம்பு மாதிரி நீளமா இருக்கும். கண் பார்வை கிடையாது, வருஷக்கணக்கா சாப்பிடாம இருக்கும். 2016-ல குகைக்குள்ள இருக்கிற தொட்டியில ஒரு ஓல்ம் 64 முட்டை போட்டுச்சு. உடனே தொட்டியை மூடி இருட்டாக்கினாங்க. அகச்சிவப்புக் கேமரா வழியாத்தான் கண்காணிப்பு. சில மாசத்துல 22 குஞ்சு பொரிஞ்சுது.